கேட்டால்தான் பேசும் சிப்

அமெரிக்காவின் கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில் ஈஸ்ட் சாண்ட் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. கோடை வந்தால் ஆலாக்களும் நீர்க்காகங்களும் அங்கே கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பறந்து போய்த் தீவு காலியானதும் ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போவார்கள். எச்சம் காய்ந்து கிடக்கும் மணலை ஒட்டித் தட்டையான ஆண்டெனா ஒன்றை நகர்த்திக்கொண்டே போக, கருவியில் எண்கள் வந்து விழும். ஒவ்வோர் எண்ணும் பறவை தின்றுவிட்ட ஒரு சால்மன் குஞ்சு. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால், அது எந்த ஓடையில், எந்தத் தேதியில் விடப்பட்ட மீன், அன்று என்ன நீளம் இருந்தது என்பது வரை தெரிந்துவிடும்.

மீன் செரித்துப் போய்விட்டது. அதன் வயிற்றுக்குள் ஊசி வழியே செலுத்தியிருந்த 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழல் மட்டும் செரிக்காமல் எச்சத்தோடு வந்து மண்ணில் கிடக்கிறது. அதில் பேட்டரி இல்லை. தீர்ந்துபோக உள்ளே எதுவும் இல்லை. அதனால்தான் வருடங்கள் கழித்துக் கேட்டாலும் அது தன் எண்ணைச் சொல்கிறது.

இந்தக் குழலின் உறவுக்காரர்கள் நம்மைச் சுற்றியும் இருக்கிறார்கள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக், மெட்ரோ பயண அட்டை, நூலகப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒளிந்திருக்கும் சதுர ஸ்டிக்கர், புதிய இ-பாஸ்போர்ட்டின் அட்டை, பெரிய துணிக்கடைச் சட்டையின் விலைச்சீட்டு, வளர்ப்பு நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் எல்லாமே பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகள்தான். ரேடியோ அலை வழியே அடையாளம் சொல்லும் சின்னப் பொருள்கள்.

இவற்றைப் பற்றி மக்கள் மனதில் ஒரு தவறான படம் இருக்கிறது. ‘சிப் வைத்திருக்கிறார்கள்’ என்றாலே, எங்கோ ஒரு திரையில் நாம் புள்ளியாக நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறோம். அது ஜி.பி.எஸ். கருவியின் வேலை. அதற்குப் பேட்டரி வேண்டும், செயற்கைக்கோள் வேண்டும், சிம் கார்டு வேண்டும். பேட்டரி இல்லாத டேக் யாரையும் பின்தொடர்வதில்லை. அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஒரு ரீடர் அருகே போகும்போது ‘யார் நீ?’ என்று ரீடர் கேட்கும். டேக் ஓர் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. கண்காணிப்பு என்று நாம் நினைப்பதெல்லாம் ரீடர் எங்கே நிற்கிறது, அது படித்த எண்ணை யார் எழுதி வைக்கிறார் என்பதில் அடங்கியிருக்கிறது. பலனும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

மின்சாரம் எங்கிருந்து?

துணிக்கடை விலைச்சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காகிதத்துக்குள் மெல்லிய அலுமினியக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுவது நிழலாகத் தெரியும். அது ஆண்டெனா. கோடுகள் நடுவில் நெருங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அரை மில்லிமீட்டரை ஒட்டிய அந்தப் புள்ளிதான் சிப். இந்த இரண்டைத் தவிர டேக்கில் வேறொன்றும் இல்லை.

நாய்க்குப் போடும் சிப், மெட்ரோ அட்டை போன்றவற்றில் ஆண்டெனா என்பது கம்பிச்சுருள். ரீடரிலும் ஒரு சுருள் இருக்கும். ரீடரின் சுருளில் மின்னோட்டம் மாறி மாறி ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. பக்கத்தில் வரும் டேக்கின் சுருளில் அந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்டுகிறது. பள்ளியில் படித்த டிரான்ஸ்ஃபார்மரின் தத்துவமேதான், நடுவில் இரும்புக்குப் பதில் காற்று. இந்தப் புலம் வேகமாக மங்கிவிடும். சுருளை விட்டுக் கொஞ்சம் விலகிய பிறகு, தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். மெட்ரோ அட்டையைக் கதவின் மேல் வைத்துத்தான் காட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

ஃபாஸ்டேக்கும் சட்டையின் விலைச்சீட்டும் வேறு வழியில் இயங்குகின்றன. ரீடர் அனுப்பும் ரேடியோ அலை சில மீட்டர் தாண்டி டேக்கைத் தொடுகிறது. அதில் ஒரு துளியை உறிஞ்சி சிப் விழித்துக்கொள்கிறது. இன்றைய சிப்புக்கு 10 மைக்ரோவாட் போதும். ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்ப சக்தியில் தானாக ஒரு ரேடியோ அலையை உருவாக்கி அனுப்ப முடியாது. எனவே, வந்த அலையையே திருப்பி அனுப்புகிறது. வெயிலில் நின்றுகொண்டு கைக்கண்ணாடியை அசைத்து எதிர்வீட்டுச் சுவரில் ஒளி பாய்ச்சும் சிறுவனைப் போல. ஒளி சூரியனுடையது, அசைவு மட்டும் அவனுடையது. சிப் தன் ஆண்டெனாவின் தன்மையை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி, அதிகம் பிரதிபலி, குறைவாகப் பிரதிபலி என்று ஒன்றும் பூஜ்யமுமாகத் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது.

திரும்பி வரும் அலையில் செய்தியை ஏற்றும் வித்தை ஓர் உளவுக் கதையிலும் வருகிறது. 1945-ல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர் அமைப்பினர் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசாகக் கொடுத்தார்கள். தூதரின் வீட்டுச் சுவரில் ஏழு ஆண்டுகள் தொங்கிய அந்த முத்திரைக்குள் சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி இல்லை, மின் இணைப்பு இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும், அறையில் பேசிய பேச்சு அந்த அலையில் ஏறித் திரும்பிப் போகும். பாய்ச்சாதபோது அது வெறும் மரமும் உலோகமும்தான் என்பதால் சோதனைகளில் சிக்கவில்லை. 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள். 1948-ல் பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் பிரதிபலித்த சக்தியால் தகவல் அனுப்புவது பற்றித் தனியே ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1975-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் இன்றைய டேக்குக்கு மிக நெருங்கிய வடிவத்தை விளக்கினார்கள். அவர்களின் முயற்சி அடையாளம் காண நினைத்தவற்றில் மாடுகளும் உண்டு.

தண்ணீரில் ஒன்று, சாலையில் ஒன்று

டேக்குகளில் எத்தனையோ ரகம் இருந்தாலும் அடிப்படையில் அலைவரிசையை வைத்து மூன்று குடும்பங்கள். எதற்கு எது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் தண்ணீரும் உலோகமும்தான்.

தாழ்ந்த அலைவரிசை, அதாவது 125 முதல் 134.2 கிலோஹெர்ட்ஸ் வரை, உடம்பையும் தண்ணீரையும் பொருட்படுத்தாமல் ஊடுருவிப் போகும். ஆனால் எட்டும் தூரம் குறைவு, வேகமும் குறைவு. உயிரினங்களுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கார் சாவியின் கறுப்புத் தலைக்குள் இருப்பதும் இந்தக் குடும்பம். அந்தச் சிப் சரியான பதில் சொல்லாவிட்டால் சாவி திரும்பினாலும் இன்ஜின் ஓடாது.

கொலம்பியா ஆற்றின் சால்மன்களுக்குத் திரும்புவோம். ஐடஹோ மாநிலத்து மலையோடைகளில் பிறக்கும் குஞ்சுகள் கடலை அடைய ஸ்னேக் ஆற்றிலும் கொலம்பியாவிலுமாக எட்டு அணைகளைக் கடக்க வேண்டும். அணை கட்டியவர்களுக்கும் மீனவர்களுக்கும், இந்த ஆற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கும் இடையே நீண்ட காலமாக இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மீன் எந்த இடத்தில் சாகிறது? ரேடியோ அலை வீசும் பேட்டரி டேக்கை விரல் நீளக் குஞ்சுக்குள் வைப்பது கஷ்டம். வைத்தாலும் அது கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். 1980-களில் இங்கே பேட்டரி இல்லாத டேக்குகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் மீன்களுக்கு டேக் போடுகிறார்கள். அணைகளின் பக்கவாட்டு வாய்க்கால்களிலும், பெரிய மீன்கள் ஏறி வரும் மீன்படிக்கட்டுகளிலும் ஆண்டெனாச் சட்டங்கள் நிற்கின்றன. மீன் அதன் வழியே நீந்தினால் போதும். யாரும் அதைப் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். கடலிலிருந்து 235 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் போன்வில் அணையில் ஒரு மீன் ஏறினால், மூன்று வருடத்துக்கு முன் அதற்கு ஊசி போட்டவர் அதைத் தன் மேசையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்த எண்களுக்குப் பின்விளைவும் இருந்தது. பறவைத்தீவுகளில் கிடைத்த டேக்குகள்தான் ஆலாக்களும் நீர்க்காகங்களும் எத்தனை குஞ்சுகளைத் தின்கின்றன என்று கணக்கிட உதவின. ஆலாக்களின் கூடுகளை ஆற்றில் சற்று மேலே இருந்த ரைஸ் தீவிலிருந்து கடலுக்கு அருகே நகர்த்தினார்கள். பிறகு 2015-லிருந்து 2017 வரை ஆயிரக்கணக்கான நீர்க்காகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். பறவை ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆற்றை மறித்த அணையை விட்டுவிட்டுப் பறவையைச் சுடுவது நியாயமா என்ற கேள்விக்கு டேக் பதில் சொல்லாது. எத்தனை மீன் போனது என்பதைத்தான் சொல்லும். அதை வைத்து யாரைக் குற்றவாளியாக்குவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

இதே தொழில்நுட்பம் பறவைகளுக்கு மனிதர்கள் இழைத்த தீங்கைக் காட்டிக் கொடுத்ததும் உண்டு. தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவுகளில் அரசப் பென்குயின்களைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பென்குயின் சிறகில் உலோகப் பட்டை மாட்டித்தான் அடையாளம் வைத்து வந்தார்கள். இவர்கள் எல்லாப் பறவைகளுக்கும் தோலடியில் டேக் வைத்து, பாதிக்கு மட்டும் பட்டையும் மாட்டி, கடலுக்குப் போகும் பாதையில் ஆண்டெனாக்களைப் பதித்துப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. பட்டை மாட்டிய பென்குயின்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவு. அவை வளர்த்த குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. நீந்தும்போது பட்டை தண்ணீரை இழுத்துப் பறவையைக் களைக்க வைத்திருக்கிறது. அறிவியலின் பெயரால் மாட்டிய வளையமே பறவையை வதைத்தது என்பதைத் தோலடி டேக் இல்லாமல் நிரூபித்திருக்க முடியாது.

நம் ஊர் மாடுகளுக்கு வருவோம். காதில் தொங்கும் மஞ்சள் வில்லையை எல்லோரும் பார்த்திருப்போம். பசு ஆதார் என்ற 12 இலக்க எண்ணும் பார்கோடும் கொண்ட பிளாஸ்டிக் வில்லை. அதில் ரேடியோ சிப் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2005 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் ரேடியோ டேக் கட்டாயம். அங்கே நூற்றுக்கணக்கில் மாடுகள் குறுகிய பாதையில் வரிசையாக ஓடிவரும். நின்று ஒவ்வொன்றின் காதையும் படிக்க முடியாது. நம் கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருப்பவர் தன் மாட்டின் எண்ணைத் தானே கண்ணால் படித்துக் கால்நடை மருத்துவரிடம் போனில் சொல்லிவிடலாம். கருவி தேவைப்படாத அடையாளம் ஏழை விவசாயிக்கு வசதியானது. புதிய தொழில்நுட்பம் என்பதற்காக அதை மாற்றத் துடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது குடும்பம் 13.56 மெகாஹெர்ட்ஸ். இது அட்டைகளின் உலகம். மெட்ரோ அட்டை, தொட்டுப் பணம் கட்டும் வங்கி அட்டை, செல்போனின் என்.எஃப்.சி., பாஸ்போர்ட் எல்லாம் இங்கே வரும். 1998-ல் மலேசியா சிப் வைத்த பாஸ்போர்ட்டை உலகில் முதன்முதலாக வழங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகம் புத்தகங்களுக்கு டேக் ஒட்டிப் பார்த்தது. அதற்கு முன் அங்கே நூல்களைத் திருப்பித் தர நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. டேக் வந்த பிறகு பெட்டிக்குள் புத்தகத்தைப் போட்டால் கணக்கு தீர்ந்தது. சிங்கப்பூரின் பொது நூலகங்கள் அனைத்துக்கும் பிறகு இந்த முறை பரவியது.

ஃபாஸ்டேக்கைக் கையில் பிடிக்கக் கூடாதது ஏன்?

மூன்றாவது குடும்பம் யு.எச்.எஃப். உலகெங்கும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு 2005-ல் உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. ரீடர் ஒரு வாட் சக்தியில் அலை அனுப்பலாம். எட்டும் தூரம் சாதகமான சூழலில் பத்து மீட்டர் வரை. ஓடும் வண்டியையும் படிக்கும். பலவீனம் என்னவென்றால், தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும், உலோகம் திருப்பி அடித்துவிடும்.

2010-ல் நந்தன் நிலேகனி தலைமையிலான குழு, நாடு முழுக்க ஒரே மாதிரி சுங்கக் கட்டணம் வசூலிக்க இந்த டேக்கைத்தான் பரிந்துரைத்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வண்டிக்குள் வைக்கும் மின்னணுக் கருவிகளை அப்போதே பயன்படுத்தி வந்தார்கள். அவற்றின் விலை அதிகம். கோடிக்கணக்கான வண்டிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டிக்கர் போல ஒட்டிவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் இந்த டேக்கின் பெரிய தகுதி. 2014-ல் அகமதாபாத்–மும்பை நெடுஞ்சாலையில் சோதனை ஓட்டம், 2015 ஜூலையில் சென்னை–பெங்களூரு வழித்தடம், 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் நாடெங்கும் கட்டாயம். டேக் இல்லாதவர் இரட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ. வழியே கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று கொஞ்சம் தளர்த்தினார்கள்.

சிலர் டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்திருந்து, டோல்கேட் வந்ததும் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். இப்படிச் செய்பவர்களின் டேக்கை முடக்கலாம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஒரு டேக்கைப் பல வண்டிகளுக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இயற்பியல். மனிதனின் கை பெரும்பகுதி தண்ணீர். ஆண்டெனாவின் மேல் விரல் பட்டாலே அதன் இசைவு குலைந்துவிடும். மூன்று வண்டி தூரத்தில் படிக்க வேண்டிய டேக் பக்கத்தில் வந்தும் படிக்காது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், ஊழியர் கையடக்க ரீடரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடிகளிலும் இதே தொல்லை; அவற்றில் டேக் ஒட்டுவதற்கென்று பூச்சு இல்லாத இடம் விட்டிருக்கும், பின்புறம் காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தேடிப் பார்த்து ஒட்ட வேண்டும்.

2022-ல் ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. சிக்னலில் கார் துடைக்கும் சிறுவன் கையிலிருந்த கடிகாரத்தை ஃபாஸ்டேக்கின் மேல் காட்டிப் பணத்தைத் திருடிவிட்டதாகக் காட்டினார்கள். தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ. உடனே மறுத்தது. கடிகாரத்தில் இருக்கும் என்.எஃப்.சி.யும் ஃபாஸ்டேக்கும் வேறு வேறு குடும்பம். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்கவே கேட்காது. அதைவிட முக்கியம், டேக்குக்குள் பணமே இல்லை. எண்ணைப் படித்த சுங்கச்சாவடி வங்கியிடம் கேட்கும், வங்கி கணக்கிலிருந்து எடுத்துத் தரும். பதிவு பெற்ற சுங்கச்சாவடியோ வாகன நிறுத்துமிடமோ தவிர வேறு யாரும் அப்படிக் கேட்க முடியாது. அந்த வீடியோ பரவியதில் கெட்டது என்னவென்றால், சிக்னலில் வண்டி துடைத்துப் பிழைக்கும் குழந்தைகளை மக்கள் திருடர்களாகப் பார்க்க ஆரம்பித்ததுதான்.

ரயில்வேயும் இதே குடும்பத்தைத்தான் நம்புகிறது. வட அமெரிக்காவில் 1990-களிலேயே எல்லாச் சரக்கு வேகன்களிலும் டேக் வந்துவிட்டது. இந்திய ரயில்வே வேகன்களுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. 2022 முதல் அமர்நாத் யாத்ரீகர்களுக்குக் கழுத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை கட்டாயம். மலைப்பாதையின் ஒவ்வொரு நுழைவாயிலையும் யார் எப்போது கடந்தார் என்று அதை வைத்துப் பதிவாகும். இரண்டு வாயில்களுக்கு நடுவே என்ன நடந்தாலும் அட்டைக்குத் தெரியாது.

தனியார் பள்ளிகள் பல இப்போது மாணவர் அடையாள அட்டையில் டேக் வைத்து, பிள்ளை உள்ளே வந்ததும் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகின்றன. அதை நம்பி நிம்மதியாக இருக்கும் பெற்றோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வாயிலைக் கடந்தது அட்டை. அது நண்பனின் பைக்குள் இருந்து கடந்திருந்தாலும் அதே எஸ்.எம்.எஸ்.தான் வரும். வகுப்பாசிரியர் முகம் பார்த்து எடுக்கும் வருகைப் பதிவுக்கு இது மாற்று ஆகாது.

திருப்பூரில் ஒரு கார்ட்டன்

1999-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சஞ்சய் சர்மா, டேவிட் பிராக், கெவின் ஆஷ்டன் ஆகியோர் தொடங்கிய ஆட்டோ-ஐ.டி. மையம் ஒரு கனவு கண்டது: உலகின் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண். சோப்பின் பார்கோடு அது என்ன சோப்பு என்று மட்டும் சொல்லும். கடையிலிருக்கும் எல்லா சோப்பிலும் அதே கோடுதான். இவர்கள் வகுத்த 96 பிட் எண், இது எந்த சோப்பு என்று சொல்லும். சிப்பின் விலையைக் குறைக்க அவர்கள் கண்ட வழி எளிமையானது. சிப்புக்குள் எண்ணை மட்டும் வை, மற்ற விவரம் எல்லாவற்றையும் கணினியில் வை.

2003-ல் வால்மார்ட், தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்டியாக வேண்டும் என்று அறிவித்தது. அது எதிர்பார்த்தபடி போகவில்லை. ஷாம்பூ பாட்டிலும் டின் உணவும் யு.எச்.எஃப். அலைக்குப் பகை, டேக் விலையும் அப்போது அதிகம். துணிதான் அந்தக் கனவுக்கு வழிவிட்டது. பருத்தி அலையை மறிக்காது. ஒரே சட்டை ஐந்து சைஸில், எட்டு நிறத்தில் வருவதால், எது தீர்ந்தது என்று கண்டுபிடிப்பதும் துணிக்கடைக்குத்தான் பெரும்பாடு. இண்டிடெக்ஸின் ஸாரா, டெகாத்லான், யுனிக்லோ என்று வரிசையாக எல்லோரும் இதற்கு மாறினார்கள்.

அந்தத் துணிகளில் ஒரு பகுதி திருப்பூரில் தைக்கப்படுகிறது. டேக்கும் அங்கேயே, பேக்கிங் செக்‌ஷனில் கோக்கப்படுகிறது. எந்த சப்ளையரிடம் டேக் வாங்க வேண்டும் என்று துணியை வாங்கும் பையரே சொல்லிவிடுவார். ஒவ்வொரு பீஸுக்கும் தனி எண் என்பதால் எம் சைஸ் டேக்கை எல் சைஸில் மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரீடர் காட்டிக் கொடுத்துவிடும். ஒட்டி முடித்த கார்ட்டன் உலோகத் தகடு பதித்த ஒரு சின்னக் கூண்டுக்குள் கன்வேயரில் போகிறது. பக்கத்துக் கார்ட்டனின் டேக்குகள் கலந்து படிக்கப்படாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. உள்ளே ரீடர் கேள்வி எழுப்பியதும் முப்பது நாற்பது டேக்குகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தயாராகும். எல்லாம் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியாது. அதனால் ரீடர் ‘இத்தனை இடம் இருக்கிறது’ என்று அறிவிக்கும். ஒவ்வொரு டேக்கும் தன் மனம்போல் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு நிற்கும். இரண்டு மோதினால் மறுபடி குலுக்கல். 1970-களில் ஹவாய் தீவுகளின் கணினிகளை ரேடியோவில் இணைக்க உருவான அலோஹா முறையின் வழித்தோன்றல் இது. கார்ட்டன் கூண்டைத் தாண்டுவதற்குள் திரையில் எம் எத்தனை, எல் எத்தனை, எக்ஸ்.எல். எத்தனை என்று ரேஷியோ வந்துவிடும். பேக்கிங் லிஸ்ட்டோடு ஒரு பீஸ் மாறினாலும் கார்ட்டனைப் பிரித்து எண்ண வேண்டியதுதான்.

மொத்தமாக வாங்கினால் ஒரு டேக் சில ரூபாய்தான். ஆனால் பீஸுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் தொழிலில் அது சின்னத் தொகை அல்ல. டேக் வந்து சேரத் தாமதமானால் ஷிப்மென்ட் தாமதம். எண்ணிக்கை தவறினால் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட். சரக்குக் கணக்கு துல்லியமாகி அதிகம் பயனடைவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் கடை. டேக்கின் விலையையும் அதை மாட்டும் கூலியையும் பீஸ் விலைக்குள் அமுக்காமல் தனியாகக் கணக்கிட்டுப் பையர் தர வேண்டும் என்று ஏற்றுமதியாளர் சங்கங்கள் ஒரே குரலில் கேட்டால் அது நியாயம்.

எண்ணை யார் வைத்திருக்கிறார்?

2003-ல் பெனட்டன் தன் துணிகளில் டேக் வைக்கப் போவதாகச் செய்தி வந்ததும் அமெரிக்காவில் நுகர்வோர் புறக்கணிப்பு இயக்கமே தொடங்கியது. பயம் வீணானது அல்ல. அணிந்திருக்கும் சட்டையின் டேக் அறுக்கப்படாமல் இருந்தால், வாசலில் ரீடர் வைத்திருக்கும் எந்தக் கடையும் ‘இந்த எண் போன வாரமும் வந்தது’ என்று குறித்துக்கொள்ள முடியும். பெயர் தெரியாது, ஆனால் ஒருமுறை அட்டையில் பணம் கட்டினால் எண்ணோடு பெயரும் ஒட்டிக்கொள்ளும். இதற்காகவே யு.எச்.எஃப். டேக்குகளில் நிரந்தரமாக வாயடைத்துவிடும் ஒரு கட்டளை இருக்கிறது. பில் போடும்போதே கடைகள் அதைச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்க வேண்டும். அதுவரை, லேபிளில் கத்தரிக்கோல் படம் போட்டிருந்தால், துவைப்பதற்கு முன்பே வெட்டி எறிந்துவிடுங்கள்.

அட்டைகளின் கதையும் எச்சரிக்கையானது. உலகெங்கும் பேருந்து, ரயில் பயணத்துக்குப் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சிப்பின் ரகசியப் பூட்டை 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். தயாரிப்பு நிறுவனம் கட்டுரையை வெளியிடத் தடை கேட்டு நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மறுத்தது. பழைய பூட்டு மலிவானது என்பதற்காக இன்னும் அலுவலகக் கதவுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அதை மாட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் குடியிருப்பில் நுழைவு அட்டை இருந்தால் எந்த ரகம் என்று சங்கத்தில் கேளுங்கள்.

ஃபாஸ்டேக்கில் பார்க்க வேண்டியது டேக்கை அல்ல, பட்டியலை. எந்த வண்டி, எந்தச் சாவடியை, எந்த நிமிடத்தில் கடந்தது என்ற விவரம் சேர்ந்துகொண்டே போகிறது. வாகனத் திருட்டைக் கண்டுபிடிக்கக் காவல் துறைக்கு அது உதவுகிறது. ஒரு மனிதரின் பல ஆண்டுப் பயண வரலாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் கேட்டால் தருவார்கள் என்று ஒவ்வொரு சாவடியிலும் தமிழில் பலகை வைக்க வேண்டும். கட்டண விகிதத்துக்குப் பலகை வைக்க முடிகிறதென்றால் இதற்கும் முடியும்.

சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பை மாநகராட்சி 2025-ல் கட்டாயமாக்கியிருக்கிறது. தெருநாய்களுக்கும் தடுப்பூசியோடு சிப் போடுகிறார்கள். எந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. காதில் வெட்டு அடையாளம் வைப்பதோடு சேர்த்து இது வேலை செய்யும். சிப் போட்ட நாய் காணாமல் போனால் போனில் தேட முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில், முடியாது. யாராவது அதைப் பிடித்து, ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், 15 இலக்க எண்ணைப் படித்து, பதிவேட்டில் பார்த்தால்தான் உங்களுக்குப் போன் வரும். அந்தப் பதிவேட்டில் உங்கள் பழைய செல் நம்பர் இருந்தால் போன் வராது.

எனவே ஊசி போடும் முன்பே, சிப் இன்னும் பாக்கெட்டில் இருக்கும்போதே, மருத்துவரை ஒருமுறை ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு இன்னொரு முறை. இரண்டும் ஒரே எண்தானா என்று பார்த்து, அந்த எண்ணின் ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி வாங்குங்கள். எண் மாநகராட்சிப் பதிவில் ஏறியதா என்று நீங்களே சரிபாருங்கள். நம்பர் மாற்றினால் அதே வாரம் அங்கும் மாற்றுங்கள். தெருவில் தனியாக அலையும் ஒரு நாயை யாரேனும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், தோள்களுக்கு நடுவே ஸ்கேனரை வைத்துப் பார்த்துவிட்டு ‘சிப் இல்லை’ என்று சொல்லிவிட வேண்டாம். சிப் சில சமயம் தோலடியில் நகர்ந்து போயிருக்கும். கழுத்து, இரண்டு தோள், முன்னங்கால்கள், விலாப்பக்கம் என்று ஸ்கேனரால் மெதுவாகத் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.